நாற்பது நல்ல நாட்கள்

செம்மண்குப்பத்தில் காலையில் ஒரு ஆள் பாயில் இல்லாவிட்டால் யாரும் பதறுவதில்லை, கிணற்றை எட்டிப் பார்ப்பதில்லை, சொந்தக்காரர்களுக்குப் போன் போடுவதுமில்லை, "அண்ணன்கிட்ட போயிருக்காரு, நாளைக்கி வந்துருவாரு" என்று சொல்லிவிட்டு அவர் பங்குத் தோசையையும் பிள்ளைகளுக்கே வார்த்துப் போட்டுவிடுவார்கள். பன்னிரண்டு வருஷமாக இதுதான் அங்கே நடப்பு. வெளியூரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வருகிற பெண்கள் முதல் தடவை கிணற்றடிக்கு ஓடுவார்கள், இரண்டாம் தடவை அவர்களே அந்தப் பாயைச் சுருட்டி மூலையில் வைத்துவிட்டு வாசல் தெளிக்கப் போய்விடுவார்கள்.

அண்ணன் என்றால் கூடப் பிறந்தவர் இல்லை, நடிகர் தீபேந்திரன். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அவர் ஒரு சண்டைக் காட்சியில் நடித்துக்கொண்டிருக்கும்போது மயங்கி விழுந்து, சென்னையில் இருபது நாளைக்கு மேல் கண் திறக்காமல் கிடந்தார். அந்த இருபது நாளும் செம்மண்குப்பத்தில் முந்திரிக்கொட்டை பொறுக்க ஆள் கிடைக்கவில்லை, கல்யாணம் பேச யாருக்கும் வாய் வரவில்லை, டீக்கடையில் டிவி முன்னால் ஆண்களும் பெண்களும் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். முப்பது பேர் மொட்டை போட்டார்கள். பெண்கள் கோவில் தரையில் சோற்றைக் கொட்டி மண்சோறு தின்றார்கள், தின்று இரண்டு பேர் வயிற்றுப்போக்கில் படுத்து அண்ணனுக்கு முன்னால் போய்ச் சேர இருந்தார்கள். அவருடைய ரசிகர் மன்றத்தின் கிளைத் தலைவர் தச்சுவேலை தெய்வசிகாமணி, பெற்ற தகப்பன் செத்தபோது பந்தல்கால் நட்டுக்கொண்டு கண் கலங்காமல் நின்ற மனிதர், இழைப்புளியைக் கீழே போட்டுவிட்டு மரத்தூளில் விழுந்து புரண்டு அழுதார். அவர் மனைவி அமிர்தவல்லி வாசற்படியில் நின்று அதைப் பார்த்தாள். இந்த அழுகையில் ஒரு சொட்டுக்கூட இதுவரை நமக்கென்று விழுந்ததில்லையே என்று அவளுக்குத் தோன்றியது, ஆனால் அதைச் சொல்கிற நேரமா அது.

கடைசியில் ஊர் வேல்முனியப்பரிடம் போனது. முந்திரித் தோப்புக்கு நடுவில் கூரையில்லாத இடத்தில் பனைமர உயரத்துக்கு ஒரு இரும்பு வேலாக நிற்கிறார் அவர். ஆடு காணாமல் போனவர்கள், புருஷன் குடிக்கிறான் என்கிறவர்கள், வரப்பைப் பக்கத்துக் காட்டுக்காரன் வெட்டிக்கொண்டான் என்கிறவர்கள் எல்லாரும் தங்கள் குறையைச் சீட்டில் எழுதி, இன்னார் பிள்ளை இன்னார் ஐயாவுக்கு எழுதிக்கொண்டது என்று தலைப்புப் போட்டு, மஞ்சள் நூலில் அந்த வேலில் கட்டிவிட்டு வருவார்கள். காரியம் முடிந்துவிட்டால் சீட்டு தானாக அவிழ்ந்து கீழே விழும். எழுத்தில் உள்ளதைத்தான் ஐயா செய்வார், எழுதாததைச் செய்ய மாட்டார் என்பது சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

தெரிந்துதான் என்ன. ஊரே வரிசையில் நின்று, என் ஆயுசில் ஐந்து நாளை எடுத்து அண்ணனுக்குக் கொடு, பத்து நாளை எடுத்துக் கொடு என்று எழுதிக் கட்டியது. அப்படி எழுதியவர்கள் பெரிய தியாகிகள் என்று நாம் நினைத்துவிட வேண்டாம், உள்ளுக்குள் எல்லாருக்கும் ஒரு சின்னச் சாமர்த்தியம் இருந்தது. எப்படியும் கடைசிக் காலத்தில் இழுத்துக்கொண்டு கிடக்கப் போகிறோம், மருமகள் முகம் சுளிக்கச் சுளிக்கக் கஞ்சி ஊற்றப் போகிறாள், அந்த நாட்களில் பத்தைக் கழித்துக்கொண்டால் அண்ணனுக்கும் உபகாரம் நமக்கும் விடுதலை என்று பேசிக்கொண்டுதான் கட்டினார்கள். சிகாமணியோ மன்றத் தலைவர், மற்றவர்கள் மாதிரி ஐந்து, பத்து என்று எழுதினால் மரியாதையாக இருக்காது. நாற்பது என்று எழுதினார்.

பூசாரி சடையமுத்து சீட்டை வாங்கிப் படித்துவிட்டு, "எந்த நாளுன்னு எழுதலியேடா சிகாமணி" என்றார்.

"அத வேற எழுதணுமா? ஐயாவுக்குத் தெரியாதா?"

"எழுதறது ஒங்கிஷ்டம். நூல இறுக்கிக் கட்டு, காத்து அடிக்குது."

மூன்றாம் நாள் தீபேந்திரன் கண் திறந்து தண்ணீர் கேட்டார். ஊர் வெடி வெடித்தது, லாரி நிறைய ஆட்கள் சென்னைக்குப் போய் ஆஸ்பத்திரி வாசலில் ஆடிவிட்டு வந்தார்கள். மருந்து வேலை செய்தது என்று டாக்டர் டிவியில் சொன்னார். பாவம் அவருக்கு என்ன தெரியும் என்று செம்மண்குப்பம் சிரித்தது.

அதற்கு மறுநாள், ஐந்து நாள் எழுதிக் கட்டியிருந்த வேங்கடபதிக்குக் கல்யாணம். விடியற்காலையில் மாப்பிள்ளையை எழுப்பி நலங்கு வைக்கப் போனால் பாயில் படுத்த பள்ளம் இருக்கிறது, ஆள் இல்லை. ஓடிவிட்டான் என்று பெண்வீட்டார் சட்டையைப் பிடித்தார்கள், கிணற்றுக்குள் கயிறு போட்டார்கள், கடைசியில் முகூர்த்தம் தவறக் கூடாது என்று மாப்பிள்ளையின் அக்காள் மூன்று முடிச்சையும் தானே போட்டு முடித்தாள். அடுத்த நாள் காலையில் வேங்கடபதி அதே பாயில் கொட்டாவி விட்டுக்கொண்டு எழுந்து, "இன்னும் ஏன் என்ன எழுப்பல, நேரமாவலியா" என்றான். அவன் நேற்று ராத்திரி படுத்து இன்று எழுந்திருக்கிறான், நடுவில் ஒரு நாள் போனது அவனுக்குத் தெரியவே தெரியாது. கழுத்தில் தாலியோடு ஒரு பெண் அவனுக்குக் காப்பி கொண்டுவந்து கொடுத்தாள்.

அப்புறம் ஒவ்வொருவராகப் போனார்கள். பதினெட்டு வருஷம் கழித்துத் துபாயிலிருந்து தம்பி வந்த நாளில் கூடப் பிறந்த அண்ணன் இல்லை, அக்காள் மகள் சடங்கில் தாய்மாமன் இல்லை, கிணறு வெட்டித் தண்ணீர் பீய்ச்சி அடித்த நாளில் வெட்டச் சொன்னவர் இல்லை. எல்லாரும் கூடிப் போய்ச் சடையமுத்துவைக் கேட்டார்கள். அவர் வேலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டே சொன்னார்.

"படுத்துக் கெடக்கறவனுக்குப் போயி, படுத்துக் கெடக்கற நாளக் குடுத்தா எழுந்திரிப்பானா? ஐயா நல்ல நாளாப் பாத்துதான் எடுக்கறாரு. நீங்க எந்த நாளுன்னு எழுதல."

அன்றைக்கு வீடு திரும்பும்போது ஒவ்வொருவரும் தான் எழுதிக்கொடுத்த நாட்களை விரல்விட்டு எண்ணிக்கொண்டே நடந்தார்கள்.

ஆனால் ஊர் என்பது எதையும் ஜீரணித்துவிடும். முதலில் ஐயாவை ஏமாற்றிப் பார்த்தார்கள். கல்யாணத்துக்கு மேளம் வைக்காமல், மாப்பிள்ளைக்குக் கிழிந்த கைலியைக் கட்டிவிட்டு, பாயசத்தைக் கஞ்சி என்று சத்தமாகச் சொல்லிப் பரிமாறினார்கள். ஒரு காதுகுத்தில் பாட்டிமார் நாலு பேரைக் கூட்டி உட்கார வைத்து ஒப்பாரி வைத்தார்கள், ஒப்பாரி நன்றாக அமைந்துபோய் வந்தவர்களெல்லாம் நிஜமாகவே அழுது விழா கெட்டதுதான் மிச்சம், ஆனாலும் குழந்தையின் தகப்பனை ஐயா எடுத்துக்கொண்டுதான் போயிருந்தார். ஆகவே ஏமாற்றுவதை விட்டுவிட்டார்கள். பள்ளிக்கூட வாத்தியார் வருகைப் பதிவில் அண்ணன் விடுப்பு என்று ஒரு வகை சேர்த்துக்கொண்டார். மினிபஸ் முதலாளி செம்மண்குப்பத்து டிரைவர் என்றால் கூட ஒரு மாற்று டிரைவரையும் வைத்துக்கொண்டார். மாப்பிள்ளை பார்க்க வருகிறவர்கள் ஜாதகத்துக்கு முன்னால் "பையன் எத்தினி நாள் எழுதியிருக்கான்" என்று கேட்டார்கள்.

பிறகு நம் ஜனங்களுக்கே உரிய அந்தப் புத்தி வேலை செய்தது. எழுதிக்கொடுத்தவன் பாயில் இல்லை என்றால் அன்றைக்கு அந்த வீட்டுக்கு நல்ல நாள் என்றுதானே அர்த்தம். பஞ்சாங்கம் தப்பலாம், ஜோசியர் பொய் சொல்லலாம், ஐயா தப்புவாரா? காலையில் எழுந்ததும் பாயைப் பார்க்கிற பழக்கம் வந்தது. ஆள் இல்லை என்றால் அன்றைக்கு விதை போட்டார்கள், மாடு வாங்கினார்கள், பெண் கேட்டுப் போனார்கள். ஆள் இருந்தால், "சரி, இன்னிக்கி ஒண்ணும் நடக்காது" என்று சும்மா இருந்தார்கள். பாயில் படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்து, தான் இருப்பதற்காக வீட்டில் முகங்கள் வாடுவதைப் பார்த்துக்கொண்டு பல் விளக்கப் போனார். அதுவும் பழகிவிட்டது.

சிகாமணிக்குப் பழகவில்லை. அவருக்கு ஆரம்பத்தில் இது பெருமையாகத்தான் இருந்தது. முதல் தடவை போய்விட்டு வந்தபோது, "நேத்து நானும் அண்ணனும் ஒண்ணா இருந்திருக்கோம்டி" என்று சட்டைக் காலரைத் தூக்கி விட்டுக்கொண்டு மனைவியிடம் சொன்னார். சொன்னதில் பொய்யும் இல்லை. அந்த நாளில் தீபேந்திரன் ஒரு பட விழாவில் பேசிக்கொண்டிருக்கும்போது டிவியில் பார்த்தவர்களுக்குத் தெரியும், பேச்சுக்கு நடுவே கை தானாகக் காதுக்குப் பின்னால் போய் அங்கே எதையோ தேடியது, கிடைக்காமல் இறங்கி வந்தது. தச்சுப் பென்சிலை சிகாமணி செருகி வைக்கும் இடம் அது. பத்து வயது மகள் தீபலட்சுமி, அண்ணன் நினைவாக அவர் பேர் வைத்த ஒரே மகள், டிவியைத் தொட்டு, "அம்மா, அப்பா!" என்று கத்தினாள்.

"நேத்து இங்க என்னடி நடந்துச்சு?" என்று கேட்டார் சிகாமணி.

"என்ன நடந்துச்சு, ஒண்ணுமில்ல. பாப்பா சைக்கிள் ஓட்டிட்டா. நீங்க அவளுக்குப் புடிச்சிவுடறேன்னு சொல்லிக்கிட்டே இருந்தீங்கல்ல, அவளே ஏறி ரோட்டுக் கடைசி வரைக்கும் போயி வந்துட்டா."

அவ்வளவுதான். சிகாமணி காலரைக் கீழே இறக்கி விட்டுக்கொண்டார்.

அதற்குப் பின் அவர் ஒவ்வொரு தடவை திரும்பி வந்ததும் அதையே கேட்டார், அவளும் அதே மாதிரி, ஒண்ணுமில்ல என்று ஆரம்பித்தே பதில் சொன்னாள். ஒண்ணுமில்ல, மழை பிடித்துக்கொண்டது, மூணு பேரும் உள்ளே உட்கார்ந்து பலாச்சுளை உரித்திருக்கலாம், நாங்கள் ரெண்டு பேரும் உரித்தோம். ஒண்ணுமில்ல, எங்கம்மா வந்திருந்தது, பழைய கதை சொல்லிச் சொல்லிச் சிரித்து எங்களுக்கு வயிறு வலி கண்டுவிட்டது. ஒண்ணுமில்ல, பாப்பா பத்தாவதில் பாஸ், பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டு மாலை போட்டார்கள். ஒண்ணுமில்ல, பாப்பாவுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது, எழுந்து உட்கார்ந்து ரசம்சாதம் கேட்டாள். ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல என்று அவள் சொல்லச் சொல்ல, தன் வாழ்க்கையில் இத்தனை நல்ல நாட்கள் இருந்தனவா என்று தச்சன் மலைத்துப் போனார். இருந்தபோது ஒன்றுகூட அவர் கண்ணில் பட்டதில்லை. சீட்டு எழுதுகிற நேரத்தில் யாராவது கேட்டிருந்தால், எனக்கேது நாற்பது நல்ல நாள், அண்ணன் படம் வருகிற நாள்தான் நல்ல நாள் என்று சொல்லியிருப்பார்.

அதற்கும் ஒரு சோதனை வந்தது. ஆறாவது வருஷம், கிளைத் தலைவர்களுக்கெல்லாம் அண்ணனைச் சந்திக்க அழைப்பு வந்தது. சிகாமணி ஒரு வாரம் தூங்கவில்லை. தன் பிறவியிலேயே பெரிய நாள் அதுதான், அதைத்தான் ஐயா முதலில் எடுப்பார், சென்னை லாட்ஜில் தன் பாய் காலியாகக் கிடக்கப் போகிறது என்று புலம்பிக்கொண்டே ரயில் ஏறினார். விடிந்தது. பாயில் அவர் இருந்தார். குளித்து வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நாலு மணி நேரம் வெயிலில் நின்று ஒரு அறைக்குள் போனார், தீபேந்திரன் அவர் தோளில் கை போட்டார், படம் எடுத்தார்கள், "சாப்பிட்டுப் போங்க" என்று பொதுவாகச் சொன்னார்கள், வெளியே அனுப்பினார்கள். அண்ணனுக்கு ஐம்பதுக்கு மேல் வயது, முகம் முப்பதுபோல் பளபளவென்று இருந்தது. ரகசியம் என்ன என்று அங்கே ஒரு நிருபர் கேட்டதற்கு, உடற்பயிற்சி, நல்ல தூக்கம், யாருக்கும் கெடுதல் நினைக்காத மனசு என்று சொன்னார். பொய் சொல்லவில்லை, அந்த மனிதருக்குத் தெரியாது.

திரும்பி வரும் ரயிலில் புகைப்படத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த சிகாமணிக்கு விழுப்புரம் தாண்டும்போதுதான் உறைத்தது. இந்த நாளை ஐயா எடுக்கவில்லை. மகள் சைக்கிள் ஓட்டிய நாளை எடுத்தார், பலாச்சுளை உரித்த நாளை எடுத்தார், இதைத் தொடக்கூட இல்லை. ஐயா ஒன்றும் மறதிக்காரர் இல்லை. சிகாமணி எதிர் சீட்டில் இருந்தவருக்குத் தெரியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதார்.

வந்த கையோடு இன்னொரு சீட்டு எழுதினார். கொடுத்தது போதும், மிச்சத்தைத் திருப்பிக் கொடு. சடையமுத்து அதைப் படித்துவிட்டு, "கட்டிட்டுப் போ. இந்த மாதிரிச் சீட்டு அறுவத்தேழு கட்டியிருக்காங்க. ஒண்ணும் வுழல" என்றார்.

மன்றத்துப் பலகையைச் சிகாமணியே கழற்றி, அந்த மரத்தில் மாட்டுக்குத் தொட்டி செய்தார். அதனால் என்ன ஆகிவிடும், வேலில் கட்டியது கட்டியதுதான். தீபலட்சுமியின் கல்யாணத்தன்று அவர் இல்லை, அது முப்பத்தேழாவது. மைத்துனர்தான் தாரை வார்த்துக் கொடுத்தார். கல்யாணப் பெண் விடிந்ததும் முதல் காரியமாக அப்பா பாயை ஓடிப் பார்த்து, காலியாக இருந்ததைக் கண்டு அம்மாவைக் கட்டிக்கொண்டு குதித்தாளாம். இதையும் அமிர்தவல்லிதான் சொன்னாள். சொல்லிவிட்டு, "அவ சின்னப் புள்ளையிலேருந்து அப்பிடியே வளந்துட்டா, நீங்க மனசுல வச்சிக்காதீங்க" என்றாள்.

கல்யாணத்துக்குப் பிறகு நல்ல நாட்கள் அரிதாகிவிட்டன, மறுவீட்டுக்கு ஒன்று, முதல் கரு தங்கியதற்கு ஒன்று, அவ்வளவுதான். தீபலட்சுமிக்கு முதல் கரு நாலாம் மாசம் கலைந்தது. இரண்டாவது ஏழாம் மாசத்தில், ஆஸ்பத்திரியில், பிறந்தும் அழவில்லை. இரண்டு தடவையும் சிகாமணி பக்கத்தில் இருந்தார். இரண்டு தடவையும் மகளின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார், அவள் வலியின் நடுவே தலையைத் திருப்பி, அப்பா இருக்கிறார் என்று பார்த்துப் பார்த்து, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். அவர் கையைத் தவிர அவள் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை, அந்தக் கை அங்கே இருப்பதுதான் அவளுக்குப் பெரிய பயம். ஒரு தகப்பனுக்கு இதைவிடத் தண்டனை எழுத முடியுமா, எனக்குத் தெரியவில்லை.

மூன்றாம் தடவை தங்கியது. ஏழாம் மாசம் வளைகாப்பு, அன்றைக்கு சிகாமணி இல்லை. அதுதான் நாற்பது. அடுத்த நாள் எழுந்து முகம்கூடக் கழுவாமல் தோப்புக்கு ஓடினார். வேலின் அடியில் எறும்பு மேய்ந்துகொண்டிருந்த செத்தைக்கு நடுவே அவர் சீட்டு கிடந்தது, மஞ்சள் நூல் வெளுத்துப் போயிருந்தது. அதை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து மனைவியைக் கொல்லைப் பக்கம் கூப்பிட்டுக் காட்டினார்.

"முடிஞ்சிட்டுதுடி. இனிமே என்ன யாரும் எடுக்க முடியாது. பொறக்கற புள்ளைய நாந்தான் மொதல்ல கையில வாங்குவேன்."

"வெளிய சொல்லாதீங்க. புள்ள நல்லபடியாப் பொறக்கட்டும், கண்ணு பட்டுரும்" என்றாள் அவள். ஆனால் அன்றைக்கு மத்தியானம் அவளும் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே வடகம் பிழிந்தாள். அந்த இரண்டு மாசம் சிகாமணி முற்றிய பலாப்பலகையில் ஒரு தொட்டில் செய்தார். இழைத்ததையே இழைத்தார்.

பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்திருந்த தீபலட்சுமிக்கு ஒரு வியாழக்கிழமை பொழுது விடிகிற நேரத்தில் வலி எடுத்தது. சிகாமணி ஓடிப்போய் பக்கத்துத் தெருவிலிருந்து ஆட்டோவைக் கூட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்திவிட்டு, உள்ளே நுழையக் காலை எடுத்து வைத்தார். கதவுக்கு அந்தப் பக்கம் மகள் குரல் கேட்டது.

"அம்மா. அப்பா பாயில இருக்காரா?"

இருக்கேம்மா என்று சொல்ல வாயைத் திறந்த சிகாமணி அப்படியே நின்றார்.

"சொல்லும்மா. இருக்காரா? இருந்தா நான் ஆஸ்பத்திரிக்கே வரல. என்னால இன்னொரு தடவ முடியாதும்மா. இருக்காரா, இல்லியா?"

அமிர்தவல்லி கதவிடுக்கு வழியே புருஷனைப் பார்த்தாள். சீட்டு விழுந்துவிட்டது என்று இப்போது சொன்னால் நம்புவாளா? நேரத்துக்குத் தேற்றுவதற்காகச் சொல்கிறார்கள் என்றுதான் நினைப்பாள். அப்படியே நம்பினாலும், அப்பா இல்லை என்றால் நல்லது என்று பன்னிரண்டு வருஷமாக உடம்பில் ஊறியது ஒரு நிமிஷத்தில் இறங்குமா? சிகாமணி உதட்டில் விரலை வைத்தார். இல்லை என்று கையை விரித்துக் காட்டினார்.

"இல்லடி. பாயி காலியாதான் கெடக்குது" என்றாள் அமிர்தவல்லி.

அந்த வலியிலும் மகள் சிரித்ததைச் சிகாமணி பார்த்தார். பார்த்துவிட்டு, ஆட்டோக்காரனிடமும் உதட்டில் விரலை வைத்துக் காட்டிவிட்டு, மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் போய் ஒதுங்கிக்கொண்டார். ஆட்டோ போன பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு பதினோரு கிலோமீட்டர் மிதித்து தாலுகா ஆஸ்பத்திரிக்குப் போனார்.

உள்ளே போக முடியாது. மருமகன் நின்றுகொண்டிருந்தான், ஊரிலிருந்து பெண்கள் பிளாஸ்கும் பையுமாக வந்துகொண்டிருந்தார்கள், ஒருத்தர் கண்ணில் பட்டாலும் செய்தி பிரசவ அறைக்குள் போய்விடும். கட்டிடத்துக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி இருந்தது, அதற்கும் மதில் சுவருக்கும் நடுவே போய்க் குந்திக்கொண்டார். யாராவது குழாயடிக்கு வந்தால் தலையைக் குனிந்துகொண்டார். பத்து மணி வாக்கில் காவலாளி கம்போடு வந்தார்.

"யாருய்யா நீ? காலையிலேருந்து பாக்கறேன், ஒளிஞ்சி ஒளிஞ்சி பாக்கற. கொழாயத் திருவிக்கிட்டுப் போவ வந்தியா?"

"இல்லங்க. எம் பொண்ணு உள்ள பிரசவத்துக்குச் சேத்திருக்கு."

"அப்ப உள்ள போயி ஒக்கார வேண்டியதுதான?"

"நான் இன்னிக்கி இல்லங்க" என்றார் சிகாமணி.

காவலாளி வெளியூர்க்காரர். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார், தச்சன் கண்களில் என்ன கண்டாரோ, கம்பைத் தரையில் தட்டிக்கொண்டு போய்விட்டார்.

வெயில் ஏற ஏற சிகாமணிக்கு வேறொரு பயம் பிடித்துக்கொண்டது. பன்னிரண்டு வருஷம் வெயிலிலும் மழையிலும் கிடந்த நூல். அது ஐயா அவிழ்த்து விழுந்ததுதானா, இற்றுப்போய்க் காற்றில் விழுந்ததா? தான் நாற்பது என்று எண்ணியது சரிதானா, மழைக்காலத்தில் ஒன்றை இரண்டு தரம் எண்ணியிருந்தால்? இன்னும் ஒரு நாள் மிச்சம் இருந்து, அதை ஐயா இன்றைக்கு எடுக்கவில்லை என்றால், இன்று நல்ல நாள் இல்லை. தான் இப்படிக் காலும் கையுமாக இங்கே குந்தியிருப்பதே கெட்ட செய்திதான். அவர் தன் கையைக் கிள்ளிப் பார்த்தார். வலித்தது. என்னை எடுத்துக்கொள், இப்போதாவது எடுத்துக்கொள், இந்த நாளையும் எடுத்து அந்த ஆளுக்கே கொடுத்துத் தொலை, நான் இங்கே இருக்க வேண்டாம் என்று சுவரில் முட்டிக்கொண்டு கெஞ்சினார். யாரும் எடுக்கவில்லை. மத்தியானம் முழுக்க அவர் அங்கேயே, முழுசாக, வியர்த்துக்கொண்டு இருந்தார்.

மூன்று மணிக்குமேல் அமிர்தவல்லி ரத்தக்கறை பட்ட துணியோடு குழாயடிக்கு வந்தாள். அவர் பக்கம் திரும்பவில்லை, குழாயைத் திறந்துவிட்டு அதனிடம் பேசுகிறவள்போல் பேசினாள்.

"பொம்பளப் புள்ள. ரெண்டு கிலோ எண்ணூறு. பொறந்தவொடனே அழுதுடுச்சு. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க."

சீட்டு உண்மையாகத்தான் விழுந்திருக்கிறது. பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவையாக ஒரு நல்ல நாளை ஐயா அவருக்கே விட்டுவைத்திருந்தார், அதை அவர் தொட்டிக்குப் பின்னால் குந்திக் கழித்திருந்தார்.

"ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போயிடுங்களேன். அவ அசந்து தூங்கறா" என்றாள் அவள்.

"வேணாம். முழிச்சிப் பாத்துட்டான்னா? நாளைக்கி வரேன். நாளைக்கித்தான நான் வரணும்."

அவள் துணியை அலசிப் பிழிந்து எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மறுநாள் விடிந்ததும் சிகாமணி குளித்து, நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டு, எல்லாரும் பார்க்கும்படி முன்வாசல் வழியாக வார்டுக்குள் போனார். எல்லாவற்றையும் மகளிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் போனார். அவரைக் கண்டதும் தீபலட்சுமி முகம் மலர்ந்து எழுந்து உட்கார்ந்தாள்.

"வந்துட்டியாப்பா! நேத்து நீ இல்லன்னு அம்மா சொன்னப்பதான் எனக்கு உசுரே வந்துச்சு. அந்த தைரியத்துலதான் பெத்தேன்." துணியில் சுற்றியிருந்த குழந்தையை எடுத்து அவர் கைகளில் வைத்தாள். "நீ மட்டும் இருந்திருந்தா... நெனச்சிப் பாக்கவே பயமா இருக்குப்பா."

குழந்தை கண்ணைத் திறக்காமல் வாயைக் கோணியது. சிகாமணி அதன் நெற்றியைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். சொல்லிவிடலாம். சொன்னால், இத்தனை நாள் அவள் பிடித்துக்கொண்டு நடந்த ஒரே கம்பைப் பிடுங்கிப் போட்டதாக ஆகும், அதற்குப் பிறகு பிள்ளைக்கு ஒரு தும்மல் வந்தாலும் எதைப் பார்த்துத் தைரியம் கொள்வாள் அவள்?

தீபலட்சுமி அவர் கையைத் தொட்டாள். இத்தனை பிரியத்தோடு அவள் தொட்டு வெகுகாலம் ஆகியிருந்தது.

"அப்பா, இவளுக்குப் பேர் வெக்கற அன்னிக்கும் நீ இருக்க மாட்டல்ல?"

"இருக்க மாட்டேம்மா" என்றார் சிகாமணி.